திரும்பாத பூட்டுக்கு ஒரு சொல் தேவை (வெள்ளிக்குள்)

குன்னூர்ப் பயிற்றுநர், திங்கள் காலை 7.10

குழுவினருக்கு வணக்கம்.

பராமரிப்புப் பிரிவு மாணவர்களுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். துருவேறி நின்றுபோன தொங்குபூட்டை எப்படிக் கழற்றுவது என்பது பாடம். வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். சாவித்துளை, வளையம், சுருள்வில் எல்லாம் வந்துவிட்டன. ஒரு சொல் மட்டும் வரவில்லை. இரண்டு இரும்புப் பாகங்கள் துருவால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அசையாமல் போகும் நிலைக்கு மூலத்தில் ஒரே சொல் இருக்கிறது. பட்டறையில் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்கிறோம். கையேட்டில் பதினோரு இடங்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் ‘துருவேறி அசைய முடியாமல் இறுகிப்போன’ என்று எழுதினால் நான்கு பக்கம் ஐந்தாகிறது.

வேடிக்கை என்னவென்றால், பாடத்தின் உதாரணம் எங்கள் சாமான் அறையிலேயே தொங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கதவைத் திறக்கப் போனால் சாவி உள்ளே போகிறது, திரும்பவில்லை. காவலாளி நல்ல மனத்தோடு தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார். அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் குன்னூருக்கு அது தெரியும், அவருக்குத் தெரியவில்லை. சாவியை வெளியே இழுத்தபோது பல்லிடுக்கில் வெண்ணெய் போல அப்பிக்கொண்டு வந்தது, ஓரத்தில் செம்மண் நிறம்.

கூடலூர் மெக்கானிக், திங்கள் காலை 8.02

‘ஜாம்’ என்று எழுதுங்கள். மாணவனுக்குப் புரியும், அவன் அப்பாவுக்கும் புரியும். வேலை முடிந்தது.

பூட்டுக்கு வருவோம். தொங்கும்போது வளையம் நுழைகிற இரண்டு துளைகளும் மேலே பார்த்திருக்கும். மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். எல்லோரும் கீழே உள்ள சாவித்துளையில் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், அது அப்படியே தரையில் சொட்டுகிறது. முதலில் மேல்துளைகளில் விடுங்கள். பிறகு பூட்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துச் சாவித்துளையில் விடுங்கள். ஓர் இரவு விட்டுவிடுங்கள். குறடு போட்டுச் சாவியைத் திருப்பாதீர்கள். திருகினால் சாவியின் பாதி உள்ளே தங்கும், அப்புறம் இரண்டு வேலை.

பழனிப் புலவர், திங்கள் பகல் 11.40

ஜாம் ரொட்டியில் தடவுவது. பூட்டில் தடவுவதல்ல.

பயிற்றுநர் தம்பிக்கு: புதுச்சொல் செய்வதற்கு முன் பழைய சொல்லைக் கேட்க வேண்டும். பூட்டு என்பதே என்ன? காண் என்பதன் பிறவினை காட்டு. உண் என்பதன் பிறவினை ஊட்டு. அதுபோலப் பூண் என்பதன் பிறவினை பூட்டு. பூணுதல் தானே அணிந்துகொள்வது. பூட்டுதல் பிறிதொன்றை அணியச் செய்வது. ஏர் பூட்டினான், நாண் பூட்டினான், கதவைப் பூட்டினான் எல்லாம் ஒரே வழி வந்தவை. இப்போது உங்கள் சாமான் அறைப் பூட்டைப் பாருங்கள். அதைப் பூட்டியவர் சாவியோடு வந்து நிற்கிறார், அது திறக்க மறுக்கிறது. அதாவது யாரும் பூட்டாமல் அது தானே பூண்டுகொண்டது. பிறவினை தன்வினைக்குத் திரும்பிவிட்டது! உலக்கைக்குப் போடும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்றுதானே பெயர்? ஆகவே ‘துருப்பூண்’. அசையாத பூட்டு ‘துருப்பூண்ட பூட்டு’.

சொல்லுக்குள் இலக்கணமும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது.

கொடைக்கானல் இரும்புக்கடைக்காரர், திங்கள் மாலை 6.15

புலவர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் ‘பூண்ட பூட்டு’ என்று சொன்னால் பூண்டு எந்த மூட்டையில் என்று கேட்பார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டும் திண்டுக்கல் பூட்டும் 2019-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு வாங்கின. இரண்டையும் இப்படி ஒரே சொல்லில் கட்டிப்போடுவீர்கள் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கடையில் முப்பது வருடமாக நிற்கிறேன். எனக்குக் கேட்பதைச் சொல்கிறேன். நின்றுபோன பூட்டோடு வருகிறவர் மூன்று விதமாகப் பேசுவார். சாவி நுழையவில்லை என்றால் ‘அடைத்துக்கொண்டது’. நுழைந்து திரும்பவில்லை என்றால் ‘பிடித்துக்கொண்டது’. சாவி திரும்பியும் வளையம் மேலே எழும்பவில்லை என்றால் ‘கடித்துக்கொண்டது’. முதலாவதற்கு ஊசியும் தூரிகையும் போதும். இரண்டாவதில் லீவர்கள், அதாவது சாவி தூக்கிவிடும் உள்தகடுகள், ஒட்டியிருக்கும், எண்ணெயும் பொறுமையும் வேண்டும். மூன்றாவதில் வளையத்தின் கால் துளைக்குள் துருவோடு ஒட்டியிருக்கும்; பூட்டின் பக்கவாட்டில் மரச்சுத்தியால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். கையேட்டில் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டால் பையன் எல்லாவற்றையும் சுத்தியால் அடிப்பான்.

இன்னொன்று, லீவரை ‘நெம்பு’ ஆக்கிவிடாதீர்கள். ஆறு லீவர், எட்டு லீவர் என்று கேட்டுத்தான் திண்டுக்கல் பூட்டு வாங்குகிறார்கள். ‘எட்டு நெம்புப் பூட்டு’ கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.

பழனிப் புலவர், திங்கள் இரவு 9.50

> ‘கடித்துக்கொண்டது’

அம்மா, தெரிந்து சொன்னீர்களோ தெரியாமல் சொன்னீர்களோ, புதையலைக் காட்டிவிட்டீர்கள். துருப்பூணை நான் திரும்பப் பெறுகிறேன். (பூண்டுக்காக அல்ல.)

தொல்காப்பிய உரியியலில் கடி என்னும் சொல்லுக்குப் பத்துப் பொருள். வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. மூன்றாவதைக் கவனியுங்கள்: காப்பு. கடிநகர், கடிமனை என்றால் காவலுடைய நகர், காவலுடைய மனை. பூட்டின் வேலையே காப்பு. ‘கடித்துக்கொண்டது’ என்று உங்கள் கடை வாசலில் நிற்பவர் சொல்லும்போது அந்தப் பழைய காப்பு அவர் நாவில் பேசுகிறது. ஆகவே ‘துருக்கடி’. ஐந்தே எழுத்து. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று அதே நூல் எச்சவியலில் சொல்வதும் பொருத்தமாக அமைகிறது. காலத்தில் வழங்கிவிட்டால் விலக்கத்தக்க சொல் இல்லை.

கூடலூர் மெக்கானிக், திங்கள் இரவு 10.04

அப்படியானால் ஜாமும் காலத்தில் வழங்கிவிட்டதே, ஐயா.

கோத்தகிரி ஆசிரியை, செவ்வாய் காலை 6.30

இயற்பியல் நடத்துகிறவள், இலக்கணத்தில் எட்டிப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லால் கடிப்பதும் காவலைக் குறிக்கும் கடியும் ஒலியால் ஒன்று, அவ்வளவுதான். ஒன்று வினை, மற்றொன்று உரிச்சொல். மரை திருகும்போது ‘நூல் கடிக்கிறது’ என்கிறானே மெக்கானிக், அவன் மனத்தில் இருப்பது பல். கோட்டைக் காவல் அல்ல. அதோடு துருக்கடி என்றால் பூச்சிக்கடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டெட்டனஸ் ஊசி எங்கே போடுவார்கள் என்று மாணவன் கேட்பான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். இரும்பு துருவாகும்போது, கரைந்த இரும்பு இருந்த இடத்தைப்போல் பல மடங்கு இடத்தைத் துரு கேட்கிறது. வளையத்தின் காலுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே இருப்பது மயிரிழைச் சந்து. அதற்குள் துரு பருத்து இரு பக்கமும் நெருக்குகிறது. யாரும் இறுக்கவில்லை, அது இறுகுகிறது. புலவர் ஐயா சொன்ன தன்வினை–பிறவினை வேறுபாடு சரி. ஆனால் அது பூண்–பூட்டில் இல்லை, இறுகு–இறுக்கில் இருக்கிறது. பட்டறையில் திருகாணியை இறுக்குவது மாணவனின் வேலை. அதே திருகாணி துருவால் இறுகுவது அவனுடைய வேலை அல்ல, அவனுக்கு வந்த வேலை. ‘இறுக்கம்’ என்று போட்டால் இந்த இரண்டும் குழம்பிவிடும். எனவே ‘இறுகல்’. காரணத்தையும் சேர்த்துத் ‘துருவிறுகல்’. கடைக்கார அம்மா சொன்ன இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்கு இது பொருந்தும். முதல் வகைக்கு ‘அடைப்பு’ ஏற்கெனவே இருக்கிறது. உறைந்த தேங்காயெண்ணெய் துருவிறுகல் ஆகாது. அதற்குத் துணியைச் சுடுநீரில் நனைத்து ஒற்றினால் போதும்.

உதகை மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை 9.20

துரு என்பதன் வேர் பற்றி ஒரு சிறு குறிப்பு. துருவை என்றால் செம்மறியாடு. செம்மறியின் நிறமும் துருவின் நிறமும் ஒன்றுதானே? துரு என்னும் அடிக்குச் செம்மை என்ற பொருள் இருந்திருக்குமோ? அல்லது துருவுதல், அதாவது குடைதல்; இரும்பைக் குடைந்து உள்ளே போவதால் துரு. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. மந்தை மேயும் மலையில் இருப்பதாலும் இருக்கலாம்.

பழனிப் புலவர், செவ்வாய் காலை 10.05

செம்மறியில் வெள்ளையும் உண்டு, கருப்பும் உண்டு. துருவுதல் வழியே சரி. ஆனால் அதற்கு மூன்று பக்கம் எழுத வேண்டும். இரவு எழுதுகிறேன்.

கூடலூர் மெக்கானிக், செவ்வாய் பகல் 1.15

துருவிறுகல் என்பதைப் பட்டறைப் பையனிடம் காட்டினேன். ‘துருவி இறுகல்’ என்று படித்தான். தேங்காய்த் துருவி எப்படி இறுகும் என்று கேட்டான். இதை நான் சோடிக்கவில்லை.

கோத்தகிரி ஆசிரியை, செவ்வாய் பகல் 2.00

துரு என்பதன் ஈறு முற்றியலுகரம். உயிர் வந்தால் வகர உடம்படுமெய்தான் வரும். துருவேறியது என்று எல்லோரும் எழுதுகிறோமே, தேங்காய்த் துருவி ஏறியது என்று யாராவது படித்தார்களா?

கொடைக்கானல் இரும்புக்கடைக்காரர், புதன் காலை 8.45

புலவர் ஐயா இரவு அனுப்பிய மூன்று பக்கத்தையும் படித்தேன். துரு, துருவு, துளை, துடுப்பு வரை போயிருக்கிறது. வாடிக்கையாளர் நிற்கிறார், துடுப்பைப் பிறகு பார்க்கிறேன்.

கையேட்டுக்கு ஒரு வரி. மண்ணெண்ணெய் விட்ட பூட்டின்மேல் தீ காட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சூடு காட்டினால் துரு விடும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய்க்கு முன்பு, அல்லது எண்ணெய் விடாமல். இரண்டையும் சேர்த்துச் செய்து புருவத்தை இழந்தவரை எனக்குத் தெரியும்.

குன்னூர்ப் பயிற்றுநர், வியாழன் இரவு 10.30

பூட்டு திறந்துவிட்டது. முதலில் சுடுநீர்த் துணி. தேங்காயெண்ணெய் இளகிச் சொட்டியது. பிறகு கூடலூர் அண்ணன் சொன்னபடி மேல்துளைகளில் மெல்லிய எண்ணெய், ஓர் இரவு. காலையில் மாணவர்கள் சூழ்ந்து நிற்க, மரச்சுத்தியால் பத்துப் பதினைந்து தட்டு. சாவியை நூலளவு இப்படியும் நூலளவு அப்படியும் அசைத்தோம். ஒரு கட்டத்தில் உள்ளே மணல் நெரிபடுவது போல ஒரு சத்தம். வளையம் பாதி எழும்பி நின்றது. அதன் காலில் செந்தூரம் பூசியது போல ஒரு பட்டை. மீண்டும் எண்ணெய், மீண்டும் தட்டு. வந்துவிட்டது. வரவில்லை என்றால் வளையத்தை அறுத்திருப்போம். ஆனால் அது கடினமாக்கிய எஃகு. முந்தின நாள் வாள் போட்டுப் பார்த்தபோது வாளின் பல்தான் மழுங்கியது. காவலாளிக்கு அடுத்த முறைக்காகப் பென்சில் கரித்தூள் கொடுத்திருக்கிறோம். அது உறையாது.

சொல்லுக்கு வருகிறேன். பதிலளித்தவர்களில் மூவர் துருவிறுகல், புலவர் ஐயா துருக்கடி, கூடலூர் அண்ணன் ஜாம். மூவரில் உதகைக்காரர் ‘இனி எதுவானாலும் சரி’ என்று தனியே எழுதியிருக்கிறார். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். பதினோரு இடத்திலும் துருவிறுகல். லீவர், லீவராகவே இருக்கிறது.

பழனிப் புலவர், வியாழன் இரவு 11.10

மறைக்காட்டுக் கோயில் கதவைத் திறக்க அப்பருக்கு ஒரு முழுப் பதிகம் தேவைப்பட்டது. மூடச் சம்பந்தருக்கு ஒரே பாட்டு. விவாதங்களும் அப்படித்தான் போலிருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

குன்னூர்ப் பயிற்றுநர், சனி காலை 9.00

அச்சாகி வந்துவிட்டது. அச்சகத்தில் பிழை திருத்துபவர் பதினொன்றில் நான்கு இடங்களில் ‘துருவி இறுகல்’ என்று பிரித்துவிட்டார்.

பழனிப் புலவர், சனி காலை 9.04

துருக்கடியைப் பிரிக்க முடிந்திருக்காது.

கூடலூர் மெக்கானிக், சனி காலை 9.06

ஜாம் இரண்டே எழுத்து.