நட்சத்திரம் கட்டாத வீட்டில் கிறிஸ்மஸ்

பனங்காட்டான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, தேரி மணலும் பனையுமாக இருக்கும் ஒரு சிறு கிராமம். கடந்த ஆகஸ்டு மாதம் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சாவு நடந்த வீட்டில் ஓராண்டுக்கு நட்சத்திரம் கட்டுவதில்லை, புத்தாடை எடுப்பதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். முறுக்கும் முந்திரிக்கொத்தும் உறவுக்காரர் வீடுகளிலிருந்து வந்துவிடும். ஆகவே இந்த ஆண்டு எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன்.

சென்ற வாரம் பரணில் வேறு எதையோ தேடியபோது நட்சத்திரப் பெட்டி கைக்கு வந்தது. மடித்து வைத்த காகித நட்சத்திரத்துக்கு அடியில், பல்பும் ஹோல்டரும் அம்மாவின் பழைய சேலைக் கிழிசலில் சுற்றப்பட்டு, மேலே நூலால் கட்டப்பட்டிருந்தன. ஜனவரியில் அதைக் கட்டி வைத்தபோது, டிசம்பரில் தாமே பிரிக்கப்போவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. "எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை" என்று நான் சொல்வது சரிதானா? நட்சத்திரம், துணிமணி, பலகாரம், விருந்து ஆகிய எல்லாம் போனபின் எனக்கென்று என்ன மிஞ்சுகிறது என்று யோசித்தால், நேர்மையாகச் சொல்கிறேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. நான் திடப்படுத்தல் பெற்றவன், அதாவது என் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிட்டு உறுதிப்படுத்தியவன். ஞாயிறு ஆராதனை தவறாதவன். "எனக்காகப் பிறந்தார்" என்று நாற்பது ஆண்டுகளாகப் பாடுகிறவன். அந்த "எனக்காக" என்பதன் பொருள் என்ன? தயவுசெய்து பிரசங்கம் வேண்டாம். உங்கள் சொந்த வாழ்வில் அது எப்படிப் பிடிபட்டது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பழைய வாத்தியார் (பதில் 1):

தம்பி, உங்கள் தாயாரின் பிரிவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். நான் பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு எதையும் யோசிக்க வரும்.

லூக்கா இரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரியாள் பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையிலே கிடத்தினாள் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. "முன்னணை" என்ற சொல்லை வேதாகமத்துக்கு வெளியே நம்மில் எவரும் புழங்குவதில்லை. அதனாலேயே அது ஏதோ ஒரு பூஜ்யமான பொருள்போல நம் காதில் விழுகிறது. கத்தோலிக்கர் கையிலுள்ள பொது மொழிபெயர்ப்பு "தீவனத் தொட்டி" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மாட்டுக்காடி; புண்ணாக்கும் தவிடும் கரைத்து ஊற்றும் இடம்.

"சத்திரத்திலே இடமில்லை" என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. மூல கிரேக்கத்தில் அங்கே வரும் சொல்லைத்தான், சீஷர்களோடு கடைசிப் பஸ்கா உண்ட அறைக்கும் லூக்கா பயன்படுத்துகிறார். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சத்திரத்துக்கோ வேறு சொல்லை வைக்கிறார். ஆகவே, பெத்லகேமில் நிரம்பியிருந்தது வழிப்போக்கர் விடுதியன்று, ஒரு வீட்டின் விருந்தினர் அறைதான் என்றும், ஆடுமாடுகளை இரவில் கட்டும் வீட்டின் கீழ்ப்பகுதியிலேயே பிள்ளை பிறந்தது என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஊருக்கு வெளியே தனித்த தொழுவத்தில் நடந்த அற்புதமாக இல்லாமல், நெரிசலான ஒரு வீட்டின் வேலைகளுக்கு நடுவே நடந்ததாக அது ஆகிவிடுகிறது.

இனி என் கதை. என் மனைவி பக்கவாதத்தில் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தாள். குளிப்பாட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். இரண்டாம் ஆண்டு கிறிஸ்மஸ் அதிகாலையில், நாலு மணி ஆராதனைக்கு மணியடிக்கும் நேரத்தில், நான் அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். ஆலயத்துக்குப் போக முடியவில்லையே என்ற எரிச்சலும் எனக்கு இருந்தது. ஒலிபெருக்கியில் அந்த வசனம் வாசிக்கப்பட்டது: துணிகளில் சுற்றி. என் கை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை தேவன் எனக்கு உதவ வந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். மாறாக, பிறர் கையால் துடைக்கப்பட்டும் சுற்றப்பட்டும் கிடக்க வேண்டிய ஒருவராகத்தான் அவர் வந்தார்; அவரை ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்தது ஆராதனைக்கு இடைஞ்சலான வேலையன்று என்று அன்று விளங்கியது. இதே லூக்காதான் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில், சிலுவையிலிருந்து இறக்கிய உடலையும் அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு துப்பட்டியில் சுற்றி வைத்தான் என்று எழுதுகிறார். இரண்டு இடத்திலும் சுற்றியவை மனிதக் கைகள்.

உங்கள் தாயாரைக் கடைசி நாள்களில் பார்த்துக்கொண்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த பல்பைச் சுற்றியிருந்த கிழிசலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

முத்துநகர் அக்கா (பதில் 2):

நான் தூத்துக்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். எங்கள் வழிபாட்டு முறை உங்களுடையதிலிருந்து சற்று வேறுபட்டது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு அதிலிருந்தே எனக்குப் பதில் கிடைத்தது.

கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் நாங்கள் "உன்னதங்களிலே" என்று தொடங்கும் புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. குடில் கட்டி வைத்திருப்போம். ஆடு மாடு, இடையர், சூசையப்பர், மாதா எல்லாரும் இருப்பார்கள். நடுவில் வைக்கோல் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். நள்ளிரவுத் திருப்பலியில் பங்குத்தந்தை "உன்னதங்களிலே" என்று தொடங்கியதும் மணிகள் ஒலிக்கும். அப்போதுதான் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் வைப்போம். என் கணவர் இறந்த ஆண்டு அந்த வெறும் வைக்கோலைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலியிடமும் வழிபாட்டில் ஒரு பகுதிதான் என்பதும், அதைத் திருச்சபை நான்கு வாரங்கள் அவசரமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறது என்பதும் அதற்குமுன் எனக்குத் தோன்றியதில்லை.

இன்னொன்று. நம்பிக்கை அறிக்கையில் இறைமகன் மனிதரானார் என்று வரும் இடத்தில் மற்ற நாள்களில் தலை வணங்குவோம். ஆண்டில் இரண்டே நாள்களில், வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்னதை நினைவுகூரும் மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் டிசம்பர் 25 அன்றும், அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும். பட்டுச்சேலையும் குழந்தைகளுமாக நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் முழந்தாளிடுவது எளிதன்று. பாதிப் பேர் குனிந்து சமாளித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஆண்டு பழைய நூல்சேலைதான் உடுத்தியிருந்தேன். கசங்கிவிடும் என்ற கவலை இல்லை. முழங்கால் சிமெண்டுத் தரையின் குளிரில் பட்டபோது, "எனக்காக" என்ற சொல் முதன்முறையாக என் உடம்பில் ஏறியது. இதற்குமேல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து, ஆண்டவருக்கு மூன்று வருகைகள் உண்டு என்று மறையுரையில் கூறியிருக்கிறார்: பெத்லகேமில் வந்தது ஒன்று, கடைசி நாளில் வரப்போவது ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒருவருடைய உள்ளத்துக்குள் மறைவாக வருவது ஒன்று. முதலாவதைக் குடிலில் காட்டலாம். நடுவில் உள்ளதைக் காட்ட எந்த அலங்காரமும் இல்லை. நட்சத்திரம் இல்லாத ஆண்டில் அதற்குக் குறைவு வந்துவிடாது, தம்பி.

திருநாட்காட்டியையும் கவனியுங்கள். மறுநாள் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுத்து அழும் ராகேலை மத்தேயு நினைவூட்டும் பகுதியை அன்று வாசிப்போம். துக்கப்படுகிறவர்களைக் கிறிஸ்மஸ் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்றால், இந்த வரிசைக்கு என்ன பொருள்?

ஷார்ஜா தம்பி (பதில் 3):

பெரியவர்கள் இருவரும் அழகாக எழுதியிருக்கிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

வெளி அலங்காரத்தை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஆன்மீகப் பொருள் தெரியும் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்பதுதான் யோவான் சொல்லும் கிறிஸ்மஸ். "மாம்சம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். காணாததைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் கொடுத்ததுதான் பண்டிகையே என்றால், அம்மாவின் முந்திரிக்கொத்தும் பல்பைச் சுற்றிய கிழிசலும் எப்படி வெறும் ஓடாக இருக்க முடியும்? உங்களுக்குக் கிறிஸ்மஸ் வந்து சேர்ந்ததே அந்தக் கைகளின் வழியாகத்தானே. 1223இல் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் செய்ததும் இதைத்தான். வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து, முன்னணையின் மேலேயே திருப்பலி நடக்கச் செய்தார்; ஏழை மக்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினார்.

நான் ஏழு கிறிஸ்மஸ்களை வேலையிடத்துத் தங்குமிடத்தில் கழித்தவன். அலங்காரம் இல்லாத கிறிஸ்மஸ் எனக்கு நன்றாகவே தெரியும். அதில் ஆழம் ஒன்றும் தானாகச் சுரந்துவிடவில்லை, வீட்டு நினைவுதான் சுரந்தது. துக்க வீட்டில் நட்சத்திரம் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. அண்ணன், நீங்கள் நட்சத்திரத்தைக் கட்டுங்கள் என்பதே என் கருத்து.

பழைய வாத்தியார்:

ஷார்ஜா தம்பி சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடு. ஆனால் வேதத்தில் இல்லை என்பதற்காக வழக்கத்தைத் தள்ளிவிட முடியாது. டிசம்பர் 25 என்ற தேதியே வேதத்தில் இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமாபுரிப் பதிவில்தான் அது நமக்குக் கிடைக்கிறது. அர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறது. இருட்டாக இருக்கும் ஒரு வாசல், இந்த வீட்டில் இழவு நடந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் அண்டை அயலார் பலகாரத் தட்டோடு வருகிறார்கள். அதுவும் கையால் தொடக்கூடியதுதான்.

வங்கக்கரை (பதில் 4):

நான் நாகப்பட்டினத்துப் பக்கம். அதிகம் எழுத வராது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குத் திருநாளுக்காக வந்திருந்தவர்களில் எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது. எங்கள் தெருவில் கட்டியிருந்த நட்சத்திரங்களை யாரும் இறக்கவில்லை. இறக்க ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் நட்சத்திரம் இல்லை, குடில் இல்லை. அப்பா இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, மத்தேயு முதல் அதிகாரத்தில் வரும் "இம்மானுவேல்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார். கடவுள் நம்மோடு என்பது அதன் பொருள். கேள்வியாகச் சொன்னாரா, விசுவாசமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. எனக்குக் கிறிஸ்மஸ் என்றால் அந்த இரவுதான்.

பனங்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அம்மாவைப் பார்த்துக்கொண்டது நானும் என் மனைவியும்தான். கடைசி ஆறு வாரம் கஞ்சியைக் கரண்டியால்தான் ஊட்டினோம். அவர்களுக்கு அதில் மிகுந்த கூச்சம். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் பதிலை நேற்று இரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

நட்சத்திரம் கட்டப்போவதில்லை. ஷார்ஜா தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த பல்பை மட்டும் முன்வாசலில் போட்டிருக்கிறோம். நூல் முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்க மனம் வராமல் ஊசியால் நெம்பி நெம்பி அவிழ்த்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. சேலைக் கிழிசலை மனைவி மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

23ஆம் தேதி இரவு, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கீத பவனி எங்கள் தெருவுக்கு வருகிறது. உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடட்டுமா என்று வாலிபர் சங்கத்துத் தம்பிகள் கேட்டிருந்தார்கள். வரச் சொல்லிவிட்டேன். பலகாரம் இருக்காது, கருப்பட்டிக் காப்பி மட்டும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.