இரண்டு ஃபங்ஷன் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்: ஹூக்கா, அட்டாப்பா?

கியூர்பிப்பிலிருந்து:

மொரிஷியஸ் மழைக்கணக்கு எங்கள் வேலையில் அடிக்கடி வரும். கியூர்பிப் மேட்டில் கொட்டுகிற அளவுக்குப் போர்ட் லூயி கரையில் பெய்யாது. அதனால் மாத மழையை அப்படியே ஒப்பிட முடியாது. அந்தந்த ஊரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்றுதான் பார்க்க வேண்டும். ஜே (J) என்ற நிரலாக்க மொழியில் அதை இப்படி எழுதி வைத்திருந்தோம்:

(- (+/ % #))

உள்ளே மூன்று ஃபங்ஷன் வரிசையாக நிற்பது ஃபோர்க்: ஓரத்து இரண்டின் விடைகளையும் நடுவில் இருப்பது சேர்க்கும். இந்தப் பக்கம் கூட்டுத்தொகை, அந்தப் பக்கம் எண்ணிக்கை, நடுவில் வகுத்தல். ஆக, சராசரி. அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றால், இரண்டு ஃபங்ஷன் சேர்ந்த ஹூக்: பட்டியலிலிருந்து அதன் சராசரியையே கழிக்கும். 200 320 80 கொடுத்தால் 0 120 _120 வரும் (ஜேயில் எண்ணுக்கு முன் _ வந்தால் மைனஸ்). மாறி என்று ஒன்றுமே இல்லாமல் இவ்வளவும் முடிவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி இதை டயலாக் ஏபிஎல் (Dyalog APL) என்ற இன்னொரு மொழிக்கு மாற்றினார்:

(-(+/÷≢))

பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் மூன்று எண்ணுக்குப் பதில் ¯200 என்று ஒரே எண். காரணம் இதுதான்: 2014இல் 14.0 பதிப்பில் டிரெயின் (ஃபங்ஷன்களை அடுத்தடுத்து நிறுத்தி எழுதும் முறை) வந்தபோது டயலாக் ஃபோர்க்கை ஜே மாதிரியே வைத்துக்கொண்டது. இரண்டே ஃபங்ஷன் நின்றால் மட்டும் அட்டாப். வலதுபக்கத்து விடை மேல் இடது ஓடும். சராசரி 200, அதற்கு மைனஸ். ⊢-+/÷≢ என்று மாற்றினோம். ⊢ பட்டியலை அப்படியே தருவதால் இது ஃபோர்க் ஆகிவிடுகிறது.

எபேனிலிருந்து:

அண்ணே, எனக்கு டயலாக் வழிதான் சரி என்று படுகிறது. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குக் கொடுப்பதுதான் அன்றாடத் தேவை. ஜேயில் அதற்கே [: அல்லது @: என்ற குறியைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிக்யூஎன் (BQN) என்ற மொழியிலும் இரண்டு நின்றால் அட்டாப்தான். ஹூக் வேண்டுமானால் அதற்கென்று ⟜ என்ற தனிக்குறி உண்டு: -⟜(+´÷≠). பட்டியல் இரண்டு இடத்துக்குப் போகிறது என்று பார்த்தவுடனே தெரிகிறது.

கியூர்பிப்பிலிருந்து:

அந்தக் குறி எனக்கும் பிடிக்கும் தம்பி. அப்புறம், இடது வலது என்று இரண்டு பக்கமும் மதிப்பு கொடுத்துக் கூப்பிடும் இடங்களையும் பார்த்துவிடுங்கள். ஜே ஹூக்கில் இரண்டாவது ஃபங்ஷனுக்கு வலது மதிப்பு மட்டும்தான் போகும். டயலாக் அட்டாப்பில் இரண்டு மதிப்பும் முதலில் அதற்குத்தான் போகும். வரும் விடையை மட்டுமே முதல் ஃபங்ஷன் பார்க்கும்.