டீமேக்கர் மாமாவுக்கு எந்த விஸ்கி?

வணக்கம். ஹட்டன் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருக்கும் எங்கள் மாமா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். நல்ல விஸ்கிப் போத்தல் ஒன்று கொடுக்க ஆசை.

மச்சான் முன்பு கொண்டுவந்த ஸ்கொட்லாந்தின் ஐலா தீவு மோல்ட் விஸ்கி அப்படியே அலமாரியில் நிற்கிறது. பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் மக்கிய தாவர மண்) எரித்த புகையில் பார்லியைக் காய வைப்பதால் வரும் வாசம் அது. அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் தேயிலையில் புகை வாசம் வந்தால் ட்ரையரில் எங்கே ஓட்டை என்று தேடுகிற மனிதருக்கு அது எப்படிப் பிடிக்கும்? அவருக்குப் பழக்கம் தென்னஞ்சாராயம்தான்.

புகை வாசமில்லாத ஸ்கொட்ச் விஸ்கியான க்ளென்லிவெட் 12 சரிவருமா? இல்லை, பாதிக்கு மேல் சோளம் சேர்த்து, உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறும் அமெரிக்க விஸ்கியான பர்பன் நல்லதா? சாராயத்திலிருந்து விஸ்கிக்கு மாறியவர்கள் சொல்லுங்கள். வாங்கிவிட்டு வருந்திய போத்தல் எது, ஏன் என்றும் எழுதினால் பெரிய உதவி.