'தி கார்டியன்' படத்தில் காட்டும் பயிற்சி உண்மையிலேயே அப்படித்தானா?

கிணற்றுத்தவளை கேட்டது:
நேற்று ராத்திரி 'தி கார்டியன்' பார்த்தேன். 2006இல் வந்த படம், கெவின் காஸ்ட்னரும் ஆஷ்டன் கட்சரும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் ஹெலிகாப்டரிலிருந்து கடலில் இறங்கி ஆட்களை மீட்கிறவர்களின் பயிற்சிப் பள்ளிதான் கதைக்களம். பாதிப் படம் நீச்சல் குளத்தில் ஓடியும் சலிக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. குளத்தில் ஐஸைக் கொட்டி மாணவர்களை உள்ளே இறக்குகிறார்கள். அப்புறம், மூழ்குகிறவர்போல நடிக்கும் வாத்தியார்கள் அவர்களைக் கட்டிப்பிடித்து அமுக்குகிறார்கள். நிஜத்திலும் இப்படியா? கப்பலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

இடைவேளை_முறுக்கு:
பயிற்சி பற்றித் தெரியாது, படம் பற்றித் தெரியும். 'தி ஃப்யூஜிடிவ்' எடுத்த ஆண்ட்ரூ டேவிஸ்தான் இயக்குநர். நியூ ஆர்லியன்ஸில் எடுப்பதாக இருந்தது. 2005இல் கத்ரினா புயல் வந்ததால் ஷ்ரீவ்போர்ட்டுக்குப் போய், அங்கே தொட்டி கட்டி அலை எழுப்பி எடுத்தார்கள். பயிற்சி முடிகிற இடத்திலேயே படமும் முடிந்திருக்கலாம். கடைசியில் கட்சர் கையுறையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற காட்சியில் கண்ணைத் துடைத்தேன் என்பது வேறு விஷயம்.

மூணாவது_எஞ்சினியர்:
13 வருஷமாகக் கப்பலில் இருக்கிறேன். நான் மீட்பு நீச்சல்காரன் இல்லை, மீட்கப்பட வேண்டிய கட்சி. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த அமுக்கல். அது சினிமா இல்லை. மூழ்குகிறவன் உங்களை ஆளாகப் பார்ப்பதில்லை, ஏணியாகத்தான் பார்ப்பான். அவன் பிடியிலிருந்து திமிறி மேலே வரப் பார்த்தால் இரண்டு பேரும் காலி. அவனோடு சேர்ந்து கீழே போக வேண்டும். அவனுக்கு வேண்டியது மேலே இருக்கிற காற்று, தானாகக் கையை விட்டுவிடுவான். நமக்கே மூச்சு முட்டும்போது இன்னும் கீழே போ என்றால் உடம்பு கேட்காது. அதைப் பழக்கத்தான் வாத்தியார் கழுத்தைப் பிடிக்கிறார்.

ஐஸ் கொஞ்சம் சினிமாத்தனம்தான், ஆனால் சொல்ல வரும் பாடம் சரி. இந்த மீட்பு நீச்சல் பிரிவு வந்ததே குளிரால்தான். 1983 பிப்ரவரி 12, 'மரைன் எலெக்ட்ரிக்' என்ற நிலக்கரிக் கப்பல் வர்ஜீனியா கடலில் மூழ்கியது. 34 பேரில் பிழைத்தது 3 பேர். காவல்படை ஹெலிகாப்டர் வந்தது, கூடையையும் இறக்கியது. ஆனால் தண்ணீர் கிட்டத்தட்ட 4 டிகிரி. கூடை பக்கத்திலேயே மிதக்கிறது, ஏறிக்கொள்ளக் கை வரவில்லை. கீழே இறங்கி ஏற்றிவிட அந்த ஹெலிகாப்டரில் நீச்சல்காரர் யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான், 1984இல், இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. படத்தில் வரும் எலிசபெத் சிட்டி பள்ளி நிஜமாகவே இருக்கிறது.

கை வராது என்றால் என்ன என்று எனக்கு ஒரு டிரில்லில்தான் புரிந்தது. குளிர்க்கடலில் போடுகிற இம்மர்ஷன் சூட்டை 2 நிமிஷத்துக்குள் மாட்ட வேண்டும். கையுறை சூட்டோடு சேர்ந்தே இருக்கும், தடியாக. நான் அவசரத்தில் இரண்டு கையையும் முதலில் நுழைத்துவிட்டேன். ஜிப் வயிற்றுக்கிட்டே நிற்கிறது, அதில் தொங்கும் நாடாவை விரலால் பிடிக்கவே முடியவில்லை. இத்தனைக்கும் நின்றது காய்ந்த டெக், நல்ல வெயில். கடைசியில் டெக் ஆட்களின் மேஸ்திரியான போசன் வந்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி இழுத்துவிட்டார்.

கிணற்றுத்தவளை:
நன்றி அண்ணா. எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது மாமா சொல்வார்: "முங்குறவன் முன்னாடி போகாதே, பின்னாடி போய் முடியைப் பிடி." அடிவாரத்துப் பையன் ஒருத்தன் மொட்டை போட்டிருந்தான், அவனை என்ன செய்வது என்று கேட்டு அடி வாங்கினேன்.

மூணாவது_எஞ்சினியர்:
மாமா சொன்னது சரி. மொட்டை என்றால் பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடு, இல்லையென்றால் தாடையைப் பிடி. அதைவிட நல்லது, கிணற்றில் இறங்காமல் கயிற்றையோ வேட்டியையோ வீசு.

பாதிதான்_பார்த்தேன்:
முறுக்கு சார், நான் இன்னும் கடைசி அரை மணி நேரம் பார்க்கவில்லை. கையுறை என்று எழுதிவிட்டீர்களே.