கானி கன்வெர்ஸின் ஆல்பமும் எங்கள் பெரியம்மாவின் பாட்டும்: யோசனை சொல்லுங்கள்

ஆஃப்செட்_தர்மபுரி:

தர்மபுரியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். தை மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை வேலை நள்ளிரவைத் தாண்டும். அப்படி ஒரு ராத்திரி, பத்திரிகை மடித்துக்கொண்டே போனில் பாட்டு ஓடவிட்டிருந்தேன். ஒன்று முடிந்து தானாகவே இன்னொன்று வந்தது. ஒரு பெண் குரல், ஒரு கிட்டார், பின்னால் பழைய டேப்பின் இரைச்சல். மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

பாடியவர் அமெரிக்காவின் கானி கன்வெர்ஸ். ஆல்பத்தின் பெயர் 'ஹவ் சேட், ஹவ் லவ்லி'. 1950-களில் நியூயார்க்கில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடியிருக்கிறார். பிழைப்புக்கு அச்சகத்தில் வேலை! அதைப் படித்ததும் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். 1954-இல் ஜீன் டைச் என்ற கார்ட்டூன் படக் கலைஞர் தன் வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்து அவரைப் பாடவைத்தார். அதே வருடம் டிவியிலும் ஒரு முறை பாடினார். ஆனால் எந்தக் கம்பெனியும் அவர் பாட்டை இசைத்தட்டாகப் போடவில்லை. 1961-இல் நியூயார்க்கை விட்டுத் தம்பி இருந்த, மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரத்துக்குப் போய்விட்டார். 1974 ஆகஸ்டில், 50 வயதில், வேண்டியவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிவிட்டுத் தன் காரில் கிளம்பியவர்தான், இன்றுவரை தகவல் இல்லை. 2004-இல் டைச் ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் அந்த டேப்பைப் போட்டுக் காட்ட, அதைக் கேட்ட ஒரு இளைஞர் தேடி அலைந்து, நண்பரோடு சேர்ந்து 2009-இல் ஆல்பமாகக் கொண்டுவந்தார். பாடி 55 வருடம் கழித்து.

அதில் முதலில் என்னைப் பிடித்தது இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் இடத்தைப் பற்றிய பாட்டு. அந்த இடத்துக்குத் தனிமை என்று பெயராம். ஏன் அப்படிச் சொல்கிறார்களோ, எனக்கு அங்கே போனால் தனிமையே தெரிவதில்லை என்கிறார். அணில், பறவை, ஓடை எல்லாம் விட்டுப்போனவரைப் போலவே பேசிக்கொண்டிருக்கின்றனவாம். என் ஆங்கிலம் அரைகுறைதான், அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். சேலத்துக்குப் பேப்பர் எடுக்கப் போகும்போது தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும் நேரம் பார்த்து அதைத்தான் கேட்கிறேன். இரண்டு பக்கமும் மலை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் எங்கள் பெரியம்மா இருக்கிறார், 71 வயது. புளி தட்டிக் கொட்டை எடுக்கும்போது பாடுவார். ஊர்ப்பாட்டு இல்லை, அவரே கட்டியது. வற்றிப்போன கிணற்றுக்கு ஒன்று, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகனுக்கு ஒன்று. போனை நீட்டினால் வாயை மூடிக்கொள்கிறார். அவருக்குத் தெரியாமல் பதிவு செய்துவிடலாமா? எப்படிச் செய்தால் நன்றாக வரும்?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:

நானும் அந்த ஆல்பத்தின் பைத்தியம்தான் தம்பி. பலர் அவர் காணாமல்போன கதையைக் கேட்டுவிட்டுப் பாட்டுக்கு வருகிறார்கள். நீங்கள் பாட்டிலிருந்து போயிருக்கிறீர்கள், அதுதான் சரி.

தெரியாமல் எடுக்காதீர்கள். கன்வெர்ஸ் டேப் ரெக்கார்டர் ஓடுவது தெரிந்துதான் பாடினார். வீட்டில் தானாகவும் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பினார். அவர் வைத்துவிட்டுப் போன டேப்புகள் தம்பி வீட்டில் ஓர் அலமாரியில் இருந்தன. ஆல்பத்தில் சில பாட்டுகள் அங்கிருந்து வந்தவைதான். தன் பாட்டு யாருக்காவது கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. உங்கள் பெரியம்மாவுக்கு இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சவுண்ட்_ஓசூர்:

கல்யாணம், கோவில் விசேஷத்துக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். பெரிய மைக் வேண்டாம், பார்த்தாலே பயந்துவிடுவார்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, துண்டை மடித்து அதன்மேல் வைத்து, அவரிடமிருந்து ஒன்றரை முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவில் காற்றுச் சத்தம் நாசமாக்கும். வேவ் ஃபைலாக (ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வகை) சேமிக்கும் ஆப் போடுங்கள். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், நிமிடத்துக்குச் சுமார் 5 எம்.பி. ஆகும், பரவாயில்லை. முக்கியமாக, பாட்டு ஆரம்பிக்கும்போது பட்டனை அழுத்தாதீர்கள். போய் உட்கார்ந்ததும் அவரிடம் சொல்லிவிட்டு ஓடவிட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் போன் இருப்பதையே மறந்துவிடுவார். அன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

தமிழாசிரியர்_ஓய்வு:

நம் தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அதியமான் கோட்டை வீழ்ந்த போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. முழு நூல் இன்று இல்லை. புறத்திரட்டு என்ற பழம்பாடல் திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்ட சில பாடல்கள் மட்டும் தப்பின. யாரோ தனக்குப் பிடித்ததை எழுதி வைத்ததால் அவையாவது கிடைத்தன. பதிவு செய்தபின் வரிகளைக் கையால் எழுதியும் வையுங்கள் தம்பி. அவர் சொல்வதைச் சொல்வதுபோலவே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

ஆஃப்செட்_தர்மபுரி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, தகடூர் யாத்திரை எனக்குப் புதுச் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை போனேன். விஷயத்தைச் சொன்னேன். "என் பாட்டை எவன்டா கேப்பான்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மலைப் பாட்டைப் போட்டேன். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். "ஆளு போயிட்டான், இவ அவங்கூடப் பேசிட்டு இருக்கா" என்றார். எனக்கு அகராதியோடு இரண்டு ராத்திரி பிடித்தது அது.

இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம் போனைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு கிணற்றுப் பாட்டைப் பாடினார். 4 நிமிடம் 12 விநாடி. நடுவில் கோழி கத்துகிறது, வெட்டவில்லை. மகன் பாட்டை அவன் பொங்கலுக்கு வரும்போது பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.