எழுத்தாளர் ஃபிரெடெரிக் ரஃபேல்: பெயர் நிற்பது நாவலிலா, சினிமாவிலா?

கடைசி வரிசை: என்னைக் கேட்டால் இரண்டு படங்கள்தான். 1965இல் 'டார்லிங்', திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். 1967இல் 'டூ ஃபார் தி ரோடு'. ஒரு தம்பதி வெவ்வேறு வருடங்களில் பிரான்ஸ் வழியாகப் போன பயணங்களை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருப்பார். எந்தப் பயணம் என்பதை அவர்கள் ஓட்டும் காரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இருபதுக்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார், சரி. இங்கே எத்தனை பேர் ஒன்றையாவது படித்திருக்கிறோம்?

ஏட்டுச்சுவடி: நாம் படிக்காதது அவர் குற்றமா சார்? 1931இல் சிகாகோவில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். கென்னத் மெக்லீஷோடு சேர்ந்து பழைய ரோமானியக் கவிஞர் கட்டல்லஸின் கவிதைகளை மொழிபெயர்த்தார். கட்டல்லஸ் இரண்டே வரியில் காதலியை வெறுக்கிறேன் என்பார், காதலிக்கிறேன் என்பார். நீங்கள் ரசித்த அந்தத் தம்பதி பேசிக்கொள்வதும் அப்படித்தானே? அது லத்தீன் படித்த கை.

வழிப்போக்கன்: படிப்பெல்லாம் இருக்கட்டும். ஆஸ்திரிய எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லரின் வியன்னாக் கதையை நியூயார்க்குக்கு மாற்றி, இயக்குநர் குப்ரிக்கோடு 'ஐஸ் வைட் ஷட்' படத்தை எழுதினார். 1999 மார்ச்சில் குப்ரிக் காலமானார். அதே வருடம் இவர் அந்த அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். குப்ரிக் குடும்பம் கொதித்ததில் என்ன தப்பு? பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் பேசுவது நாகரிகமா?

ஏட்டுச்சுவடி: அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதாநாயகனை யூதனாகவே வைக்கலாம் என்று ரஃபேல் கேட்டதையும் குப்ரிக் கூடாது என்றதையும் அந்தப் புத்தகம்தானே சொன்னது? இருவருமே யூதர்கள். ரஃபேலுக்கு யூதன் என்ற அந்த முள் அதன் பிறகும் உறுத்தியது. 2013இல் ஜோசிஃபஸ் பற்றி எழுதினாரே, சும்மாவா? ரோமுக்கு எதிராக யூதர்கள் நடத்திய போரில் ரோமர்களிடம் சரணடைந்து, அவர்கள் நிழலிலேயே உட்கார்ந்து அந்தப் போரின் வரலாற்றை எழுதிய யூதத் தளபதி. சொந்த ஜனத்திடம் துரோகிப் பட்டம் வாங்கியவர்.

கடைசி வரிசை: ஹாலிவுட்டையும் ரோமையும் முடிச்சுப் போடாதீர்கள். இங்கே ஒருவர் சம்பளம் கொடுத்தார், இன்னொருவர் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி: ஜோசிஃபஸுக்கும் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் ரோமில் வீடும் உதவித்தொகையும் கொடுத்தாரே!

வழிப்போக்கன்: கொடுத்தார். அதனால் ஜோசிஃபஸ் அவரைப் புகழ்ந்துதான் எழுதினார். உங்கள் ஆள் அப்படியா செய்தார்?