குரல்கள் பல, அட்டையில் பெயர் இரண்டு: மிஹல் ஹொராச்செக் செய்தது நியாயமா?

செந்தாழை:
செக் பாடலாசிரியர் மிஹல் ஹொராச்செக்கின் தொகுப்புகளை ஒரு மாதமாகக் கேட்டு வருகிறேன். 1952இல் பிராகில் பிறந்தவர். இசையமைப்பாளர் பெட்ர் ஹப்காவுடன் சேர்ந்து 1988இல் 'வ் பென்ஸியோனு ஸ்வ்யெட்' (உலகம் என்னும் விடுதியில்) என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். பாடியவர்கள் பலர், அட்டையில் முன்னே நிற்பவை ஹப்கா, ஹொராச்செக் என்ற இரண்டு பெயர்கள். இந்த வழக்கத்தை அவர்கள் கடைசிவரை விடவில்லை. எந்த வரிக்கு எந்தக் குரல் என்று முடிவு செய்கிறவரே, அதாவது ஹொராச்செக்கே, தொகுப்பின் உண்மையான ஆசிரியர் என்பது என் கட்சி.

சேலம் மாறன்:
முழுமையாக மறுக்கிறேன். 1987இல் ஹனா ஹெகெரோவா பாடிய 'பொட்ம்யெஷிலீ ஹோஸ்ட்' தொகுப்பைக் கேளுங்கள். இதே இருவரின் பாடல்கள்தான். மொழி தெரியாத எனக்கே தொண்டை அடைக்கிறது. என்னை அப்படி உலுக்கியது ஹப்காவின் மெட்டும் அந்த அம்மையாரின் குரலும். எனக்குப் புரியாத வரிக்கு அதில் என்ன பங்கு? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹொராச்செக் 1990இல் ஃபோர்ட்டுனா என்ற பந்தய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பெரும் செல்வந்தர். கையில் பணம் இருப்பவர் தயாரிப்பாளர் ஆவதில் என்ன வியப்பு?

செந்தாழை:
ஆண்டுகளைப் பாருங்கள், மாறன். நீங்கள் சொன்ன தொகுப்பு 1987, நான் சொன்னது 1988. ஃபோர்ட்டுனா பிறப்பதற்கு முன்பே இரண்டும் வந்துவிட்டன. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் இசைத்தட்டு வெளியிட முடியாது. ஹொராச்செக் அப்போது 'ம்லாடீ ஸ்வ்யெட்' வார இதழில் வேலை பார்த்த பத்திரிகையாளர். அந்த இரண்டு தொகுப்புகளையும் பணத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

கயல்:
மாறன் அண்ணா, மொழி தெரியாததால் வரிக்குப் பங்கில்லை என்பது சரியான வாதம் இல்லை. செக் மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு. ஆனால் நெடில் அழுத்தத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. மெட்டு தாளத்துக்கு முன்னதாகவே, அழுத்தமில்லாத ஓர் அசையில் தொடங்கினால், அந்த இடத்தில் ஓரசைச் சொல்லைத் தேடி வைக்க வேண்டும். இல்லையென்றால் சொல் முறிந்து கேட்கும். உங்கள் காதுக்கு அந்தப் பாட்டு வழுக்கிக்கொண்டு போகிறதே, அது பாதி எழுதியவரின் வேலை.

சேலம் மாறன்:
அசை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், தங்கையே. இது எனக்குத் தெரியாது. ஆனால் வரி நன்றாக அமைவது வேறு, தொகுப்புக்கே உரிமை கொண்டாடுவது வேறு. இவர்களின் பாடல்களைப் பாடிய யானா கிர்ஷ்னெர், சிடி டோபியாஷ் போன்ற பாடகிகள் கூலிக்குப் பாடியவர்களா?

செந்தாழை:
இல்லை, ஒருபோதும் இல்லை. நீங்கள் சொன்ன இருவரும் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தவர்கள். ஹெகெரோவாவும் பிராடிஸ்லாவாவில் பிறந்தவர். செக் வரிகளுக்கு மொழி எல்லை தாண்டி இந்தக் குரல்களை அழைத்த காதைத்தான் நான் புகழ்கிறேன். ஹொராச்செக்கின் வாழ்க்கை முழுவதும் இந்த வேலைதான். 1989இல் ராக் இசைக்கலைஞர் மிஹைல் கொட்சாபுடன் சேர்ந்து 'மோஸ்ட்' (பாலம்) என்ற முயற்சியைத் தொடங்கி, கம்யூனிஸ்ட் ஆட்சியின் பிரதமர் அடமெட்ஸ் தரப்பையும் எதிர்ப்பாளர்களின் தலைவர் ஹாவெல் தரப்பையும் பேச வைத்தார். ஆட்களை ஓரிடத்தில் சேர்க்கத் தெரிந்தவர் அவர்.

சேலம் மாறன்:
அரசியலை இங்கே இழுக்காதீர்கள். ஆட்களைச் சேர்க்கும் அதே மனிதர் 2018 அதிபர் தேர்தலில் 9.18 விழுக்காடு பெற்று நான்காம் இடத்தில் நின்றுவிட்டார். பாட்டைப் பாட்டாக மட்டும் பேசுவோம்.

கயல்:
அப்படியென்றால் 2008இல் வந்த 'ஓஹ்ரோஷெனீ ட்ரூஹ்' (அழிந்துவரும் இனம்) பற்றிப் பேசலாம். அது ஹொராச்செக் பெயரில் மட்டும் வந்தது. வரிகளைப் பல இசையமைப்பாளர்களிடம் கொடுத்தார். உங்கள் இருவரின் வழக்குக்கும் அதுவே சாட்சி.

செந்தாழை:
எனக்கு அது பிடித்திருக்கிறது. மெட்டுகள் வெவ்வேறு கைகளிலிருந்து வந்தாலும் ஒரே மனிதரின் மூச்சு கேட்கிறது.

சேலம் மாறன்:
நேற்று இரவு முழுவதும் கேட்டேன். ஒரே மூச்சு என்பது உண்மைதான், மறைக்க மாட்டேன். இரண்டு பாடல்களைத் திரும்பவும் போட்டேன். ஆனால் ஹப்காவின் மெட்டு வரும் என்று ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் காத்திருந்தேன். அவர் 2014இல் மறைந்துவிட்டார். இனி அந்த மெட்டு வரப்போவதில்லை. இருவரும் சேர்ந்து செய்தவற்றில் ஹப்காவின் பெயர் முதலில் வருகிறது, ஹொராச்செக்கின் பெயர் அடுத்து வருகிறது. அந்த வரிசைக்கு நான் எதிரி இல்லை.